தேவப்பிரயாகை: பேருந்து அரை மணி நேரம் மட்டும் நிற்கும் ஊரில் ஓர் இரவு தங்கலாமா?

வில்லிபுத்தூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி முடிவில் என் தாயாரை அழைத்துக்கொண்டு பத்ரிநாத் செல்லவிருக்கிறேன். அம்மாவுக்கு வயது 71. நாங்கள் பணம் கட்டியிருக்கும் பயணக் குழுவின் நிரலில் தேவப்பிரயாகைக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் சாலையோரத்தில் பேருந்தை நிறுத்தி, இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தை மேலிருந்து காட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்களாம். பெரியாழ்வார் 'கண்டம் என்னும் கடிநகர்' என்று பாடிய தலம் இதுதான் என்று கேட்டு வளர்ந்தவர் அம்மா. நாள்தோறும் காலையில் அந்தத் திருமொழியைச் சொல்கிறவர். பெரியாழ்வார் பிறந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போய், அவர் பாடிய ஊரைச் சாலையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழுவிலிருந்து பிரிந்து அங்கே ஓர் இரவு தங்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் அந்த ஊரைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கோயிலின் வரலாறு என்ன? ஆழ்வார் பாடிய ஊர் இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? யாத்திரிகர்கள் போன பிறகு அந்த ஊரில் வாழ்கிறவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள்? அங்கே தங்கியவர்கள், படித்தவர்கள் யாரேனும் இருந்தால் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மலைப்பாதை:

அம்மா, வணக்கம். ரிஷிகேசத்திலிருந்து கர்ணபிரயாகை வரை போடப்படும் 125 கிலோமீட்டர் இருப்புப்பாதைப் பணியில் ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்காக இரண்டு ஆண்டுகள் தேவப்பிரயாகையில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தங்கலாம், தங்கவும் வேண்டும் என்பதுதான் என் பதில்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கங்கோத்திரிப் பக்கமிருந்து பாகீரதியும் பத்ரிநாத் பக்கமிருந்து அலக்நந்தாவும் வந்து சேர்கின்றன. ஆற்றுக்குக் கங்கை என்ற பெயர் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதற்கு மேலே எவ்வளவு புனிதமான ஆறானாலும் அதற்கு வேறு பெயர்தான். நெடுஞ்சாலை பாகீரதிக்கு இந்தக் கரையில் ஓடுகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மூக்குப் போல நீண்டு இறங்கும் மலைச்சரிவில்தான் பழைய ஊரும் ரகுநாதர் கோயிலும் இருக்கின்றன. ஆகவே பேருந்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஊர் எதிர்க்கரையில் அடுக்கடுக்காகத் தெரியுமே தவிர, அதற்குள் போக வேண்டுமென்றால் தொங்கு பாலத்தை நடந்து கடந்தாக வேண்டும். நடைபாலம் என்பதால் வண்டிச் சத்தம் அக்கரையோடு நின்றுவிடுகிறது. ஊருக்குள் சந்துகளும் படிகளும்தான். எரிவாயு உருளையும் அரிசி மூட்டையும் கழுதை முதுகிலோ மனிதத் தோளிலோதான் மேலேறுகின்றன.

கூடலில் நின்றால் இரண்டு நீரும் வேறு வேறு என்பது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் அலக்நந்தா சாணம் கரைத்தது போலப் பழுப்பாக வரும். பாகீரதி பச்சையாக வரும். சிறிது தூரம் வரை ஒன்றோடொன்று கலக்காமல், நடுவில் நூல் பிடித்தது போன்ற கோட்டுடன் ஓடும். ஊர்க்காரர்கள் இவற்றை மாமியார், மருமகள் என்பார்கள். ஆர்ப்பரித்துக்கொண்டு வரும் பாகீரதி மாமியார்; அமைதியாக வரும் அலக்நந்தா மருமகள். ஆனால் மேலே டெஹ்ரியில் 260.5 மீட்டர் உயர அணை கட்டப்பட்டு, 2006இல் மின் உற்பத்தி தொடங்கிய பிறகு மாமியாரின் குரல் அடங்கிவிட்டது. வண்டலை அணை பிடித்துக்கொள்வதால்தான் பாகீரதி இப்போது அவ்வளவு தெளிவாக இருக்கிறது. மின்சாரத் தேவையைப் பொறுத்து நீரைத் திறப்பதால் மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறி இறங்கும். நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி, "முன்பெல்லாம் ஆற்றின் ஓசையைக் கேட்டே மாதத்தைச் சொல்லிவிடுவோம்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஊரில் இருப்பவர்கள் மிகக் குறைவு. 2001 கணக்கெடுப்பில் 2144 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் பண்டாக்கள், அதாவது பத்ரிநாத்தின் தீர்த்தப் புரோகிதர்கள். தேவப்பிரயாகையைப் புரிந்துகொள்ள இவர்களைப் புரிந்துகொண்டால் போதும் என்றே சொல்வேன். சித்திரை, வைகாசியில் பத்ரிநாத் நடை திறந்ததும் குடும்பத்து ஆண்கள் மேலே போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடை அடைத்ததும் இறங்கி வருவார்கள். வந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். குளிர்காலத்தில் பிரசாதப் பொட்டலங்களோடு தங்கள் யஜமானர்களின், அதாவது தங்களிடம் சடங்கு செய்துகொள்ளும் யாத்திரிகக் குடும்பங்களின், ஊர்களுக்குப் பயணம் போவது தலைமுறை வழக்கம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன வட்டாரம் என்று பிரித்து வைத்திருப்பதால் அந்தந்த வட்டாரத்து மொழியையும் பேசுவார்கள். சந்தில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு முதியவர் என்னைப் பார்த்து, "எந்த ஊரு? சாப்பாடு ஆச்சா?" என்று தமிழில் கேட்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் இளமையில் பல தடவை வந்தவராம்.

ஆக, ஆண்டில் பெரும்பாலான நாட்களில் ஊரை நடத்துகிறவர்கள் பெண்கள். விறகு, புல், தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இப்போது இளைஞர்கள் டேராடூனுக்கும் தில்லிக்கும் வேலைக்குப் போய்விடுவதால் பூட்டிய வீடுகளும் கூடிக்கொண்டே வருகின்றன. மரச்சட்டமிட்ட பழைய வாசல்களில் துருப்பிடித்த பூட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் மண்டுவா என்பது நம் கேழ்வரகு. ஜங்கோரா என்பது குதிரைவாலி. கஹத் என்பது கொள்ளு. கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும் குளிருக்கு மிகவும் இதமாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

வரலாற்றுப் பகுதிக்கு நான் விடை எழுத முயல்கிறேன்.

இணையத்தில் இந்தக் கோயிலைப் பத்தாயிரம் ஆண்டுப் பழமையானது என்றும், ஆதி சங்கரர் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவது, மரபு சொல்வது. இன்று நிற்கும் கட்டடத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் ஊரின் பழமைக்கு மறுக்க முடியாத சான்று ஒன்று கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறையிலேயே இருக்கிறது. அங்கே பிராமி எழுத்தில் பல சிறு கல்வெட்டுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தமைதியைக் கொண்டு அவற்றைக் கி.பி. 2 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று கணித்திருக்கிறார்கள். அவற்றில் மன்னர் புகழோ நிலக்கொடையோ இல்லை. வந்த யாத்திரிகர்கள் தம் பெயர்களை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். சங்கரருக்கும் ஆழ்வாருக்கும் முன்பே, எங்கிருந்தோ நடந்து வந்த எளிய மனிதர் ஒருவர் இந்த இரண்டு ஆறுகளைப் பார்த்துவிட்டு, 'நான் இங்கே வந்தேன்' என்று பாறையில் பதிந்திருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த ஊரில் கோபுரத்தைவிடப் பார்க்க வேண்டியது அந்தப் பாறைதான்.

அதன் பிறகு எழுத்துச் சான்றாகக் குறிப்பிடத் தக்கது 1455ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்பேடு. இந்த மலைநாடான கட்வாலின் மன்னர் ஜகத்பால் காலத்து ஆவணம் அது. கட்வால் அரசர்கள் பத்ரிநாதரின் பிரதிநிதிகளாகத் தம்மைக் கருதியவர்கள்; பத்ரிநாத் செல்லும் வழியிலுள்ள இந்த ஊரையும் தொடர்ந்து ஆதரித்து வந்தார்கள்.

பெரிய அடி 1803 செப்டம்பரில் விழுந்தது. அந்த ஆண்டு கட்வாலைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் ரகுநாதர் கோயில் கடுமையாகச் சிதைந்தது. பின்னர் தௌலத் ராவ் சிந்தியாவின் கொடையால் அது பழுதுபார்க்கப்பட்டது. குவாலியரிலிருந்த மராத்திய அரசர் ஒருவர் இமயமலை அடிவாரத்துக் கோயிலுக்குப் பொருள் கொடுக்க வேண்டியிருந்ததன் பின்னணி எளிது: உள்ளூர் அரசு அப்போது கொடுக்கும் நிலையில் இல்லை. நிலநடுக்கத்தால் நாடு நொடித்துப்போயிருந்த நேரத்தில் கூர்க்காப் படை உள்ளே வந்தது. 1804இல் டேராடூன் அருகே நடந்த போரில் மன்னர் பிரத்யுமன ஷா கொல்லப்பட்டார். 1815 வரை கூர்க்கர் ஆட்சி நடந்தது. ஆங்கிலேயர் அவர்களை வென்றபின் நாட்டை அலக்நந்தாவை எல்லையாக வைத்து இரண்டாக்கி, கிழக்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, மேற்கை இறந்த மன்னரின் மகன் சுதர்சன ஷாவுக்குக் கொடுத்தார்கள். அவர் டெஹ்ரியைத் தலைநகராக்கினார். இதன் விளைவாகக் கோயில் டெஹ்ரி சமஸ்தானத்தில் நின்றது. அலக்நந்தாவின் அக்கரையில் இருந்த வீடுகள் ஆங்கிலேயர் ஆட்சிக்குப் போயின. சமஸ்தானம் 1949இல் இந்தியாவோடு இணைந்த பிறகும் அந்தக் கோடு மாவட்ட எல்லையாகத் தொடர்கிறது. இன்றும் இக்கரை டெஹ்ரி மாவட்டம், அக்கரை பௌரி மாவட்டம்.

இப்போது ஆழ்வார் பாடலுக்கு வருகிறேன். பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் ஏழாம் திருமொழி கண்டத்தைப் பற்றியது. அதில் பெருமானை இராமனாகவும் 'புருடோத்தமன்' என்றும் சொல்கிறார். ஊரைக் 'கங்கையின் கரைமேல்' என்கிறார். தேவப்பிரயாகைக் கோயில் இராமனுக்குரியது. இராவணனைக் கொன்ற பாவம் நீங்க இராமன் இங்கே தவம் செய்தான் என்பது தலபுராணம். கங்கை அந்தப் பெயரோடு தொடங்கும் இடமும் இதுவே. வைணவ மரபு இவற்றைக் கொண்டே இதனை 108 திருப்பதிகளில் ஒன்றான கண்டமாகக் கொண்டது. மூலவரை நீலமேகப் பெருமாள் என்றும் தாயாரைப் புண்டரீகவல்லி என்றும் வழங்குகிறது. கட்வாலுக்குப் புராணங்களில் கேதாரகண்டம் என்று பெயர் இருப்பதால் 'கண்டம்' என்ற சொல் அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்; ஊகமாகவே கொள்ளுங்கள்.

அத்திருமொழியில் ஒரு பாடல், மலைகள் அதிரும்படி, நிலம் பிளக்கும்படி, 'கரைமரம் சாடி' இறங்கும் கங்கையைக் காட்டுகிறது. அது வெறும் வருணனை அல்ல என்பதை அந்த ஊர் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. 1893இல் மலை சரிந்து பிரஹி கங்கையை அடைத்துக் கோனா என்ற பெரிய ஏரி உண்டாயிற்று. அது உடையும் என்று கணித்து ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்து எச்சரிக்கை ஏற்பாடு செய்திருந்தார்கள். 1894 ஆகஸ்டு 25 இரவில் ஏரி கரைபுரண்டு, மேலே இருந்த கட்வால் ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல) ஊரே அழிந்துபோனது. முன்னறிவிப்பு இருந்ததால் அலக்நந்தாப் பள்ளத்தாக்கின் மக்கள் பிழைத்துக்கொண்டார்கள். 2021 மே 11இல் தேவப்பிரயாகையிலேயே மேகவெடிப்பு ஏற்பட்டு, ஊருக்குள் வரும் சிற்றோடை பொங்கி, கடைகளையும் நகராட்சிக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளியது. கொரோனா ஊரடங்கால் கடைகள் பூட்டியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

காவிரிக்கரை:

மேலே இருவரும் எழுதியது மிக நன்று. பண்டாக்களின் பஹி எனப்படும் பேரேடுகளைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனெனில் அதற்காகவே ஒரு தடவை அங்கே போனவன் நான்.

எங்கள் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா பத்ரிக்கு நடந்தே போய் வந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் ரிஷிகேசத்தைத் தாண்டி லட்சுமண ஜூலாவைக் கடந்ததும் கால்நடைதான். வழியில் சட்டி எனப்படும் தங்குமிடங்களில் இரவைக் கழித்துக்கொண்டு போவார்கள். தேவப்பிரயாகையில் நாங்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். அந்தப் புரோகிதர் ஊர், கோத்திரம், தாத்தா பெயர் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், சிவப்புத் துணியில் சுற்றிய நீண்ட ஏட்டுக் கட்டைத் தூக்கி வந்தார். நம் கணக்குப் பேரேடு போல மடிப்பது அல்ல. ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக, குறுகலாக, மேல்நோக்கிப் புரட்டும்படி தைத்திருக்கும். பழுப்பேறிய தாள்களில் நாகரி எழுத்துக்கு நடுவே தெலுங்கும் தமிழும் கிரந்தமும் கலந்து வந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு ஒரு தாளில் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். கோணலான தமிழ்க் கையெழுத்து. எங்கள் ஊர்ப் பெயர், அவர் தந்தை பெயர், உடன் வந்த இருவர் பெயர், கீழே 'சுகமாய் வந்து சேர்ந்தோம், வரும் எங்கள் வம்சத்தார் இவரிடமே வரவும்' என்று ஒரு வரி. புகைப்படம்கூட இல்லாத அந்த மனிதரை நான் சந்தித்தது அந்த ஒரு வரியில்தான். அதன் கீழே என் பெயரையும் என் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதச் சொன்னார், எழுதினேன். என் கை நடுங்கியது.

'ஏட்டுச்சுவடி' ஐயா சொன்ன பாறையைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்திருப்பேன். யாத்திரிகர் தாமே பாறையில் வெட்டியது ஒரு காலம். அதை ஏட்டில் எழுதிக் காப்பதையே ஓர் ஊர் தொழிலாகக் கொண்டது பின்னொரு காலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே தசரதாசலம் என்ற குன்றில் ஒரு நட்சத்திர வானாய்வுக்கூடம் இருக்கிறது. பண்டிதர் சக்ரதர் ஜோஷி என்பவர் 1946இல் நிறுவியது. தொலைநோக்கிகளும் பழைய சோதிட, வானியல் கையெழுத்துப் பிரதிகளும் அங்கே உள்ளன. ஏறுவது கடினம், உங்கள் தாயாருக்கு வேண்டாம். நீங்கள் போய் வாருங்கள்.

வில்லிபுத்தூர் வாசகி:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரைமரம் சாடும் பாடலை உடனே சொல்லத் தொடங்கிவிட்டார். ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கோயிலுக்கும் கூடலுக்கும் இடையே படிகள் எத்தனை இருக்கும்? அணை நீரைத் திறப்பதாக எழுதியிருக்கிறீர்களே, ஆற்றில் குளிப்பது ஆபத்தில்லையா?

மலைப்பாதை:

கோயிலிலிருந்து கூடலுக்கு நூறு படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். செங்குத்தானவை, சில இடங்களில் வழுவழுப்பாகத் தேய்ந்தவை. இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் கடினம். ஆகவே காலையில் முதலில் கூடலுக்கு இறங்கி, அங்கே நன்றாக உட்கார்ந்து இளைப்பாறி, பிறகு நிதானமாக ஏறி வந்து சந்நிதியைச் சேவியுங்கள். ஊன்றுகோல் கட்டாயம் கொண்டு வாருங்கள்.

நீராடுவதைப் பொறுத்தவரை, படித்துறையில் பாறையோடு பிணைத்த இரும்புச் சங்கிலிகள் தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போடுவதே அங்குள்ள வழக்கம். ஓட்டம் காலை இழுக்கும். நீரின் குளிர்ச்சியில் பாதம் மரத்துப்போவதால் படி தெரியாது. உங்கள் தாயாரை நீரில் இறக்க வேண்டாம். கடைசிப் படியில் அமர்த்தி, செம்பில் மொண்டு தலையில் ஊற்றுங்கள். நீர்மட்டம் ஏறுவதைக் கவனிக்க ஊர்க்காரர் ஒருவர் அருகில் இருந்தால் நல்லது; அவர்கள் ஈரத்தின் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மாலை ஆரத்தி முடிந்ததும் உடனே அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். சாலையில் வண்டிகள் குறைந்த பிறகு, பாலத்தின் நடுவில் சற்று நேரம் நில்லுங்கள். இருப்புப்பாதை வந்தபின் இந்த ஊர் எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. இங்கிருந்து ஜனாசு வரை 14.57 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் துளைப்பு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் ஒரு காலத்தில் நடந்தவர்கள் பல நாள் தங்கினார்கள், பேருந்தில் வந்தவர்கள் அரை மணி நேரம் நின்றார்கள், ரயிலில் வருகிறவர்கள் மலைக்கு உள்ளேயே ஊரைக் கடந்துவிடுவார்களே என்ற கவலையும் இருக்கிறது.

காவிரிக்கரை:

அம்மா, புறப்படுமுன் தந்தைவழியிலும் தாய்வழியிலும் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய மாவட்டப் பெயர் உதவாது. ஏட்டில் பழைய ஊர்ப் பெயரும் ஜமீன் அல்லது தாலுகா பெயருமே இருக்கும். புரட்டாசி முடிவில் புரோகிதர்களில் பலர் பத்ரிநாத்திலேயே இருப்பார்கள் என்பதால், உங்கள் வட்டாரத்து ஏடு எந்த வீட்டில் இருக்கிறது என்பதைத் தேவப்பிரயாகையில் கேட்டு வைத்துக்கொண்டு மேலே போய் அவரைச் சந்திப்பதும் ஒரு வழி. தட்சிணையை முதலிலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வில்லிபுத்தூர் வாசகி:

எழுதத் தொடங்கிவிட்டோம், ஐயா. அம்மாவின் தாய்வழிப் பாட்டனாரின் தமையன் ஒருவர் காசிக்குப் போனவர், அதற்கு மேலும் வடக்கே போனதாகப் பேச்சு, திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை என்று இன்றுதான் முதன்முறையாக அம்மா என்னிடம் சொன்னார். அவர் பெயரைத் தாளின் முதல் வரியில் எழுதச் சொல்லியிருக்கிறார்.